டப்பாவில் நீல நூல்

கடையில் அந்தத் தூசு உறிஞ்சும் மெஷினைக் கையில் எடுத்துப் பார்த்ததுமே தையல்காரிக்குப் பிடித்துப்போயிற்று. முடி உலர்த்தும் கருவியைவிடக் கொஞ்சம்தான் பெரிது. வயர் கிடையாது. நீளக் குழாயை மாட்டினால் நின்றபடியே தரையைச் சுத்தம் செய்யலாம். கழற்றிவிட்டால் சோபா இடுக்கு, மெத்தை மடிப்பு, ஜன்னல் விளிம்பு என்று எல்லாவற்றிலும் நுழையும். உறிஞ்சிய தூசு கண்ணாடி போன்ற ஒரு டப்பாவுக்குள் சுழன்று சுழன்று விழுவதைப் பார்க்கவே வேடிக்கையாக இருந்தது.

பக்கத்து அலமாரியில் அதே வேலையைச் செய்கிற இன்னொன்று இருந்தது. விலை பாதிகூட வராது. அதற்கும் வயர் இல்லை. ஆனால் சத்தம் காதைப் பிளந்தது, இழுவை மந்தம், தூக்கினால் செங்கல் கனம்.

"இதுல சுவிட்ச் எங்க இருக்கு?" என்று விலை கூடியதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக் கேட்டாள்.

"அதுக்கு சுவிட்ச் கிடையாது மேடம். பிடியில ட்ரிக்கர் இருக்கு பாருங்க, துப்பாக்கி மாதிரி. அழுத்திப் பிடிச்சா ஓடும், விட்டா நிக்கும். சார்ஜ் வீணாகாது. அந்த மலிவானதுல ஒரு தடவை தள்ளி விட்டாப் போதும், அது பாட்டுக்குக் கத்திக்கிட்டே கிடக்கும்" என்றார் விற்பனையாளர்.

அவள் அழுத்திப் பார்த்தாள். அழுத்தியது போலவே தெரியவில்லை. ஒரு பெரிய துணிக்கடையின் பின்பக்கத் தையல் பிரிவில் துணி வெட்டுகிறவள் அவள். காலையிலிருந்து சாயங்காலம் வரை கனத்த கத்தரியைப் பிடித்துக் காய்ப்பேறிய விரல்கள். அந்த விரல்களுக்கு இந்த விசையெல்லாம் பஞ்சு.

"விலையைப் பார்த்தாத்தான் தலை சுத்துது."

"சுத்தட்டும் மேடம். இதை வாங்கிட்டுப் போய் யாரும் திரும்பி வந்து என்கிட்ட சண்டை போட்டதில்ல. அதை வாங்கினவங்கதான் வாரத்துக்கு ஒருத்தர் வந்து நிக்கிறாங்க."

"அப்ப உங்களுக்குப் பொழுது போகுது."

அவர் சிரித்தார். அவள் எதையும் ஒரே தடவையில் வாங்குகிறவள் அல்ல. ஒரு சட்டைத் துணியை வெட்டுவதற்குமுன் மூன்று தடவை அளந்து பார்க்கிறவள். வீட்டுக்குப் போய் யோசித்துவிட்டு மறுபடி வந்தாள். இரண்டையும் மறுபடி தூக்கிப் பார்த்தாள். எது கனம், எது சத்தம், எது சீக்கிரம் சார்ஜ் ஏறும் என்று எல்லாம் கேட்டாள். பிறகு, தன் சம்பளத்தில் பெரும்பகுதியைக் கொடுத்து விலை கூடியதையே வாங்கினாள். ஓட்டப்போவது தன் கை இல்லை, அம்மாவின் கை என்பது அவளுக்குத் தெரியாததல்ல. அதனால்தான் கனம் குறைந்ததைத் தேர்ந்தெடுத்தாள். விசையை மட்டும் அவள் கணக்கில் சேர்க்கவில்லை.

அம்மாவுக்குப் போன வருடம் பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது. பேச்சு திரும்பிவிட்டது. கால் இழுத்து இழுத்து நடக்கும். வலது கை தோள்வரை தூக்கும், விரல்கள் மடங்கும். இடது கையில் ஊன்றுகோல் எப்போதும் இருக்க வேண்டும், அதை விட்டால் ஆள் சாய்ந்துவிடும். வலது கைக்கு வேலை கொடுத்துக்கொண்டே இருங்கள், சும்மா வைத்திருந்தால் சும்மாவே இருக்கப் பழகிவிடும் என்று உடற்பயிற்சி சொல்லிக்கொடுக்க வந்த பெண் சொல்லியிருந்தாள்.

வேலை என்றால் அம்மாவுக்கு ஒன்றே ஒன்றுதான். பெரிய ஹோட்டல் ஒன்றில் அறைகளைச் சுத்தம் செய்கிற பெண்களுக்கு மேற்பார்வையாளராக இருந்து ஓய்வு பெற்றவள். அவள் சுற்றி வருகிறாள் என்றால் மாடியே கப்சிப் என்றாகிவிடும். கையில் சின்ன டார்ச் ஒன்றை வைத்துக்கொண்டு கட்டிலுக்கு அடியில், அலமாரிக்குப் பின்னால், திரைச்சீலையின் கீழ்மடிப்பில் என்று அடித்துப் பார்ப்பாள். அந்தப் பெண்கள் அவளுக்கு வைத்த பெயரே டார்ச். முகத்துக்கு நேரே மேடம், முதுகுக்குப் பின்னால் டார்ச். அது அவளுக்குத் தெரியும். தெரிந்தும் கொஞ்சம் பெருமைதான்.

அப்படிப்பட்டவள் வீட்டில் தூசு இருந்தால் எப்படி உட்கார்ந்திருப்பாள்? குனிந்து பெருக்க முடியாது என்பதால் பழைய வயர் மெஷினை இழுத்துக்கொண்டு கிளம்பினாள். வயர் காலில் சுற்றியது. தையல்காரி வேலையிலிருந்து வந்தபோது அம்மா கூடத்தின் நடுவில் தரையில் உட்கார்ந்திருந்தாள். விழுந்து எவ்வளவு நேரம் ஆயிற்று என்று கடைசிவரை சொல்லவே இல்லை. "சும்மாத்தான் உட்கார்ந்தேன், தரை குளுகுளுன்னு இருந்துச்சு" என்றாள்.

இது நடந்த அதே வாரம் தையல்காரிக்கு வேறொரு செய்தி வந்தது. துணிக்கடை வேறு ஊரில் கிளை திறக்கிறது. அங்கே தையல் பிரிவு முழுவதையும் பார்த்துக்கொள்ளும் பொறுப்பை அவளுக்குத் தரலாம் என்று மேலாளர் நினைக்கிறார். ரயிலில் ஒரு ராத்திரிப் பயணம். போனால் போனதுதான், மாதம் ஒரு தடவை வரலாம். அவள் கத்தரியைப் பிடித்த நாளிலிருந்து காத்திருந்தது இதற்குத்தான். பதில் சொல்லச் சில வாரங்கள் அவகாசம் கொடுங்கள் என்று மேலாளரிடம் கேட்டு வாங்கி வந்தாள்.

அண்ணனைக் கூப்பிட்டுப் பேசினார்கள். அவன் ஊரின் மறுமூலையில் மூன்றாவது மாடியில் குடியிருந்தான்.

"இதுல பேச என்ன இருக்கு? அம்மா என் வீட்டுக்கு வரட்டும். பாப்பா அவ வேலையைப் பார்த்துக்கிட்டுப் போகட்டும்" என்றான் அண்ணன். தங்கைக்கு முப்பது வயது ஆனாலும் அவனுக்கு அவள் பாப்பாதான்.

"அங்க வந்தா நான் விருந்தாளி" என்றாள் அம்மா. "விருந்தாளியா இருக்கிறது எனக்கு வராது. நான் விருந்தாளிங்க ரூமைச் சுத்தம் பண்ணினவ."

"இங்க தனியா என்ன பண்ணுவே?"

"என் வீட்டைப் பார்த்துக்குவேன். சமைக்க ஆள் வரட்டும். கீழ்வீட்டுக்காரி தினம் எட்டிப் பார்ப்பா. பெருக்கித் துடைக்கிறதை மட்டும் வேற யார்கிட்டயும் விட மாட்டேன்."

கடைசியில் ஓர் ஏற்பாட்டுக்கு வந்தார்கள். தையல்காரி பதில் சொல்லும் நாள் வரை அம்மா பகலில் தனியாகச் சமாளித்துக் காட்ட வேண்டும். சமாளித்தால் அவள் இங்கேயே இருக்கலாம், மகள் புதுக் கிளைக்குப் போகலாம். முடியாவிட்டால் அண்ணன் வீடு. அதற்காக வாங்கியதுதான் அந்த மெஷின்.

அண்ணன் விலையைக் கேட்டதும் சோபாவில் சாய்ந்துகொண்டான். "இந்தக் காசுக்கு ஒரு ஆளையே வேலைக்கு வச்சிருக்கலாமே. துடைப்பத்துக்கு வந்த வாழ்வைப் பாரு."

"ஆளை வச்சா அம்மா அந்த ஆளை ரெண்டே நாள்ல துரத்திடுவா. இதைத் துரத்த முடியாது."

"திட்ட முடியுமா?"

"திட்டலாம். பதிலுக்குப் பேசாது."

"அப்ப காசு தகும்" என்றான் அண்ணன்.

முதல் நாள் சாயங்காலம் தையல்காரியே ஓட்டிக் காண்பித்தாள். அப்போது பள்ளிச் சீருடைக் காலம். தையல் பிரிவு முழுவதும் கருநீலத் துணி மலைபோலக் குவிந்திருந்தது. அவள் தலைமுடியில், புடவை மடிப்பில், கைப்பையில் எங்கே தட்டினாலும் கருநீல நூல் உதிரும். வீட்டில் அவள் நடந்த இடமெல்லாம் நூல்தான். சுற்றி வந்ததும் டப்பாவுக்குள் நீலப் பந்து ஒன்று உருண்டது.

"அடேயப்பா, இவ்வளவையும் நீயா கொண்டுவந்து கொட்டினே?" என்றாள் அம்மா.

"பட்டனை அமுக்கினா அடி திறந்துக்கும். கொட்டிடலாம். பாரு."

"அது இருக்கட்டும். நான் நாளைக்குக் கொட்டிக்கிறேன். எல்லாத்தையும் நீயே பண்ணிட்டா நான் எப்பப் பழகுறது? நீ போய்க் குளி."

மறுநாள் சாயங்காலம் அவள் செருப்பைக் கழற்றும்போதே அம்மா மெஷினை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். டப்பாவைத் தூக்கிக் காட்டினாள். உள்ளே நீல நூல், முடி, தூசு. தரை பளிச்சென்று இருந்தது.

"நேத்துதைக் கொட்டிட்டியா?"

"காலையிலேயே கொட்டியாச்சு. இது இன்னிக்கு. உன் துணிக்கடையை மூடினாத்தான் இந்த வீடு சுத்தமாகும் போல."

"கை வலிக்கலையே?"

"எதுக்கு வலிக்கப்போகுது? பூ மாதிரி இருக்கு."

தையல்காரிக்கு நெஞ்சில் இருந்த கல் இறங்கியது. அன்றிலிருந்து அது வழக்கமாகிவிட்டது. அவள் வந்ததும் அம்மா டப்பாவைக் காட்டுவாள். ஹோட்டலில் பெண்கள் வேலை முடித்துவிட்டு அம்மாவிடம் அறையைக் காட்டியதுபோல, இப்போது அம்மா மகளிடம் காட்டினாள். மகள் தலையாட்டுவாள். "சரியா இருக்கா மேடம்?" என்பாள் அம்மா. "பரவாயில்ல, ஜன்னலோரம் இன்னும் கொஞ்சம் கவனிக்கணும்" என்பாள் இவள். இரண்டு பேரும் சிரிப்பார்கள். பக்கவாதம் வந்தபிறகு அந்த வீட்டில் சிரிப்பு கேட்டது அந்த நாட்களில்தான்.

தையல் பிரிவில் பட்டன் தைக்கிற அக்கா ஒருத்தி இருந்தாள். அவளுக்கும் அந்த மெஷின்மேல் கண். "உண்மையைச் சொல்லு, அந்த விலைக்கு அது தகுமா? என் வீட்டுக்காரர் வாய்க்கு வந்தபடி பேசுவார், பதில் சொல்ல ஏதாவது வேணும்" என்று கேட்டாள்.

தையல்காரி எதையும் மிகைப்படுத்த மாட்டாள். "டப்பா சின்னது, அடிக்கடி கொட்டணும். வேகத்தைக் கூட்டினா சார்ஜ் பொசுக்குன்னு இறங்கிடும். பெரிய வீட்டுக்கு ஒத்துவராது. ஆனா கனமே இல்ல அக்கா. எங்கம்மாவே ஓட்டுறாங்க, பார்த்துக்கங்க. அந்த ஒண்ணுக்காகவே தகும்."

"உங்கம்மாவே ஓட்டுறாங்கன்னா நான் ஓட்ட மாட்டேனா" என்று பட்டன் அக்கா சமாதானமானாள்.

சீருடைக் காலம் முடிந்தது. பெட்ரோல் பங்க் ஊழியர்களுக்கான மேலுடை தைக்கிற பெரிய ஆர்டர் வந்தது. அத்தனையும் ஆரஞ்சு நிறம். வெட்டுமேசை, இஸ்திரிப் பலகை, சாப்பாட்டு டப்பா மூடிகூட ஆரஞ்சாகிப்போனது. வாரக்கணக்கில் அந்த நிறத்தையே பார்த்துப் பார்த்து, கண்ணை மூடினாலும் அவளுக்கு ஆரஞ்சாகத்தான் தெரிந்தது.

பதில் சொல்ல வேண்டிய நாள் வந்தது. அவள் மேலாளரிடம் போய், வருகிறேன் என்று சொன்னாள். அவர் எழுந்து கைகொடுத்தார். தையல் பிரிவில் எல்லோரும் சூழ்ந்துகொண்டு கேலி செய்தார்கள். "இனிமே எங்களை நினைச்சு எங்க பார்க்கப்போறா, அங்க போய்க் கத்தரியைக்கூடத் தொட மாட்டா, விரலை நீட்டி நீட்டி வேலை வாங்குவா" என்றாள் பட்டன் அக்கா. திரும்பும் வழியில் அம்மாவுக்குப் பிடித்த பழக் கேக் ஒன்றை வாங்கிக்கொண்டாள். செய்தியை எப்படிச் சொல்வது என்று பஸ் முழுக்க ஒத்திகை பார்த்தாள். சந்தோஷமாகச் சொன்னால் அம்மாவை விட்டுப் போவதில் சந்தோஷம் என்று ஆகிவிடுமோ, சோகமாகச் சொன்னால் பொய்யாகிவிடுமோ என்று இரண்டு பக்கமும் யோசித்தாள்.

அம்மா வழக்கம்போல மடியில் மெஷினோடு உட்கார்ந்திருந்தாள். வழக்கம்போல டப்பாவைத் தூக்கிக் காட்டினாள்.

"சரியா இருக்கா மேடம்?"

"பரவாயில்ல" என்று சொல்லிக்கொண்டே அவள் தன் ரவிக்கைக் கையில் ஒட்டியிருந்த ஒரு நூலை எடுத்தாள். ஆரஞ்சு நூல். அதை விரலில் சுற்றிக்கொண்டே டப்பாவைப் பார்த்தாள். உள்ளே இருந்தது கருநீலம். கருநீலமும் தூசும் முடியும். ஒரே ஒரு ஆரஞ்சு இழைகூட இல்லை.

அவள் கேக்கை மேசைமேல் வைத்தாள். கருநீலத் துணியை அவள் தொட்டு வாரங்கள் ஆகிவிட்டன.

"என்ன கேக்கெல்லாம்?"

"சும்மாத்தான். கையைக் கழுவிட்டு வர்றேன்."

குளியலறைக்குப் போகாமல் அம்மாவின் அறைக்குள் போனாள். கால்கள் தாமாக அங்கே போயின. கட்டில் விரிப்பு தரையைத் தொடும்படி இழுத்துவிடப்பட்டிருந்தது. மண்டியிட்டு, விரிப்பைத் தூக்கி, போனில் வெளிச்சம் போட்டுக் குனிந்தாள்.

சுவரோரம் நீளமாக, மெத்தென்று ஒரு குவியல். கீழே கருநீலம், மேலே ஆரஞ்சு. நடுவில் நரைமுடி, மாத்திரை உறை, காய்ந்த இலை. சும்மா தள்ளிவிட்டதுபோல இல்லை. கட்டிலின் ஒரு கால் முதல் மறு கால் வரை வரிசை பிசகாமல் ஒதுக்கியிருந்தது. கட்டிலோரம் ஒரு கந்தல் துணி கிடந்தது, ஈரமாக. ஊன்றுகோலின் அடியில் சுற்றிக் கட்டுகிற அளவுக்குக் கிழித்த துணி. கோலின் ரப்பர் அடி சில நாட்களாக ஈரமாக இருந்ததை அவள் கவனித்திருந்தாள். குளியலறை ஈரம் என்று நினைத்திருந்தாள். துணி சுற்றிய அந்தக் கோலால்தான் தூசெல்லாம் இங்கே வந்து சேர்ந்திருக்கிறது.

பின்னால் கோல் ஊன்றும் சத்தம் கேட்டது. கதவருகே வந்து நின்றது.

"என்ன தேடுறே?"

"ஒண்ணுமில்ல."

"ஒண்ணுமில்லாததுக்கு எதுக்குத் தரையில படுக்கிறே? எந்திரி."

அவள் எழுந்திருக்கவில்லை. திரும்பாமலே கேட்டாள். "ஒருநாள்கூட ஓட்டலையா?"

அம்மா கோலை ஊன்றி உள்ளே நுழைந்தாள். மெல்ல வந்து கட்டிலில் உட்கார்ந்தாள். கட்டில் கிறீச்சென்றது.

"மொத நாள் நீ போனதும் எடுத்தேன். பிடிச்சா ஓடுது. ஓடின உடனே விரல் விட்டுடுது. மறுபடி பிடிக்கிறேன், மறுபடி விடுது. பிடிடீன்னு நானும் அதட்டிப் பார்த்துட்டேன். வேலைக்குப் புதுசா வந்த பொண்ணு மாதிரி, சொல்றது காதுலயே ஏறல அதுக்கு."

"அப்ப டப்பாவுல இருக்கிறது?"

"நீ ஓட்டினியே, அதுதான். குலுக்கிவிட்டா புதுசு மாதிரி இருக்கும்."

"என்கிட்ட சொல்லியிருக்கலாம்லம்மா."

"சொன்னா என்ன பண்ணியிருப்பே?"

"சுவிட்ச் வச்சது ஒண்ணு இருந்துச்சு. பாதி விலைதான். தள்ளிவிட்டா அதுவா ஓடும். மட்டம்னு நான்தான் வேண்டாம்னு சொல்லிட்டேன். நாளைக்கே போய் வாங்கிட்டு வர்றேன்."

"அதை யார் தூக்குறது?"

செங்கல் கனம் என்பது அவளுக்கே நினைவு வந்தது.

"அது மட்டும்னா நான் ஏன்டி மறைக்கப்போறேன்" என்றாள் அம்மா. இப்போது குரலில் விளையாட்டு இல்லை. "பால் காய்ச்சிக் குடிச்சேன்னு சொல்றேனே, கீழ்வீட்டுக்காரிதான் வந்து காய்ச்சித் தர்றா. சொல்லாதேன்னு அவகிட்ட கெஞ்சி வச்சிருக்கேன். போன வாரம் குளியலறையில உட்கார்ந்தவ எந்திரிக்க முடியாம அப்படியே இருந்தேன், அவ வர்ற வரைக்கும். தரை குளுகுளுன்னு இல்ல. சில்லுனு இருந்துச்சு."

தையல்காரி தரையிலேயே உட்கார்ந்து கட்டில் காலில் சாய்ந்துகொண்டாள். அம்மாவின் வலது கை மடிமேல் கிடந்தது. விரல்கள் பாதி மடங்கி, எதையோ பிடித்துக்கொண்டிருப்பது போலவும் விட்டுவிட்டது போலவும் இருந்தன.

"ஹோட்டல்ல ஒரு பொண்ணு இப்படிக் கட்டிலுக்கு அடியில தள்ளிட்டா நான் என்ன பண்ணுவேன் தெரியுமா?"

"வேலையை விட்டு அனுப்பிடுவே."

"அனுப்பினதில்ல. அவளையே படுத்து எல்லாத்தையும் கையால எடுக்க வைப்பேன். நான் பக்கத்துல நிப்பேன்." அம்மா ஜன்னலைப் பார்த்தாள். "தெனமும் தள்ளுறப்ப அந்தப் பொண்ணுங்க ஞாபகம்தான். எனக்குப் படுத்து எடுக்கவும் முடியாது."

தையல்காரி கூடத்துக்குப் போய் மெஷினை எடுத்து வந்தாள். நீளக் குழாயை மாட்டினாள். விசையை அழுத்தினாள். கட்டிலுக்கு அடியில் நுழைத்து இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை ஒரே இழுப்பு. வாரக்கணக்கில் சேர்ந்தது, மூச்சு விடுவதற்குள் போய்விட்டது. டப்பாவுக்குள் நீலத்தின்மேல் ஆரஞ்சு ஏறிச் சுழன்றது. விரலை எடுத்ததும் சத்தம் நின்றது.

"நல்ல மெஷின்தான்" என்றாள் அம்மா. கிண்டல் இல்லை. வேலை தெரிந்தவள் ஒரு பொருளைப் பார்த்துச் சொல்வதுபோலச் சொன்னாள்.

"நான் போகலம்மா. காலையில மேலாளர்கிட்ட சொல்லிடுறேன்."

"அப்ப இன்னிக்கு வர்றேன்னு சொல்லிட்டே."

கேக்கை வைத்தே அம்மா கண்டுபிடித்திருக்க வேண்டும். இவள் குழாயைக் கழற்றினாள்.

"உங்க அண்ணனுக்குப் போனைப் போடு."

"எதுக்கு?"

"நான் அங்க போறேன். ஞாயித்துக்கிழமை வந்து கூட்டிட்டுப் போகச் சொல்லு."

"வேண்டாம்மா."

"போடுன்னு சொல்றேன்ல."

அவள் போட்டாள். ஒரே ஒரு தடவைதான் வேண்டாம் என்றாள். அப்புறம் பெட்டி அடுக்கும்போதும், மேலாளர் கொடுத்த தாளில் கையெழுத்துப் போடும்போதும் இதை அவள் திரும்பத் திரும்ப நினைத்துப் பார்த்தாள். இரண்டாவது தடவை வேண்டாம் என்று சொல்ல வாயைத் திறந்தோமா, இல்லையா? திறந்தது போலத்தான் இருந்தது. ஆனால் சத்தம் வந்ததாக நினைவில்லை. இரண்டாவது தடவை சொல்லியிருந்தாலும் அம்மா கேட்டிருக்க மாட்டாள் என்று ஒரு மனம் சொன்னது. கேட்க மாட்டாள் என்று தெரிந்திருந்தால் தைரியமாகவே சொல்லியிருக்கலாமே, ஏன் சொல்லவில்லை என்று இன்னொரு மனம் கேட்டது. எதையும் மூன்று தடவை அளந்து பார்க்கிறவள், இதை எத்தனை தடவை அளந்தாலும் ஒரே அளவு வரவில்லை.

துணிக்கடையில் கடைசி நாளன்று பட்டன் அக்கா பிடித்துக்கொண்டாள். "வீட்டுக்காரர் ஒருவழியா சரின்னுட்டார். எங்க மாமியாருக்குத்தான் வாங்குறோம், பாவம், முட்டி வலியில குனிய முடியல. உன்னுது மாதிரியே வாங்கிடட்டுமா?"

"கடைக்கு மாமியாரையும் கூட்டிட்டுப் போங்க. அவங்க கையில கொடுத்து ஓட்டச் சொல்லிப் பாருங்க" என்றாள் தையல்காரி.

"அவங்களைக் கூட்டிட்டுப் போறதுக்குள்ள கடையே இங்க வந்துடும். நீதானே தகும்னு சொன்னே?"

"சொன்னேன். கூட்டிட்டுப் போங்கக்கா."

ஞாயிற்றுக்கிழமை அண்ணன் காரோடு வந்தான். அம்மாவின் துணிகள் ஒரு பெட்டி, மருந்துகள் ஒரு பை. கீழ்வீட்டு அக்கா வாசலில் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மெஷினை யார் வைத்துக்கொள்வது என்று பேச்சு வந்தது. தையல்காரிக்குப் போகிற இடத்தில் ஒற்றை அறைதான். "நம்ம வீட்டுக்கே கொண்டுபோகலாம். அம்மாவோட சீதனம்" என்று அண்ணன் அதைப் பின்சீட்டில் வைத்தான். அம்மா சிரித்தாள், அவனுக்காக.

அண்ணன் வீட்டில் அம்மாவுக்கென்று ஒரு அறை ஒழித்து வைத்திருந்தார்கள். கட்டிலுக்குப் பக்கத்தில் பிடித்து எழும்பக் கம்பி வைத்திருந்தார்கள். ஜன்னலோரம் ஒரு சாய்வு நாற்காலி. குறை சொல்ல ஒன்றுமே இல்லை. அண்ணி காலையிலிருந்து ஓடியாடி ஏற்பாடு செய்திருக்கிறாள் என்பது அவள் முகத்திலேயே தெரிந்தது. அம்மாவை நாற்காலியில் உட்கார வைத்ததும், பெட்டி வைத்த இடத்தில் விழுந்த மண்ணைப் பார்த்து, "புது மெஷினை இன்னிக்கே திறப்பு விழா பண்ணிடலாம்" என்று அதை எடுத்து வந்தாள்.

தையல்காரிக்கு ரயிலுக்கு நேரமாகிவிட்டது. அறை வாசலில் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நின்றாள்.

"காலைக் கொஞ்சம் தூக்கிக்கிறீங்களா அத்தை?" என்றாள் அண்ணி.

அம்மா இடது காலைத் தூக்கினாள். பிறகு இடது கையை வலது முட்டிக்கு அடியில் கொடுத்து, அந்தக் காலையும் தூக்கிப் பிடித்துக்கொண்டாள். மெஷின் நாற்காலிக்கு அடியில் போய் வந்தது.

அடுப்படியில் ஏதோ பொங்கும் வாசனை வந்தது. "ஐயோ" என்று அண்ணி விசையிலிருந்து விரலை எடுத்து, மெஷினைச் சுவரில் சாய்த்துவிட்டு ஓடினாள். அறை அமைதியாகிவிட்டது. அம்மா இரண்டு கால்களையும் தூக்கியபடியே உட்கார்ந்திருந்தாள். வேலை முடிந்ததா இல்லையா என்று தெரியாத முகத்தோடு, கீழே வைக்கலாம் என்று யாராவது சொல்லட்டும் என்று காத்திருந்தாள்.

"கீழ வச்சுக்கோம்மா" என்றாள் தையல்காரி.

அம்மா கால்களைக் கீழே வைத்தாள்.